கேட்டில் வெள்ளைத் துண்டு

மின்சாரம் விடிவதற்குள் போய்விட்டது. காற்று பலமாக அடிக்கும் நாட்களில் கம்பிகள் உரசித் தீப்பிடிக்கும் என்று கம்பெனிக்காரர்களே நிறுத்திவிடுவார்கள். எங்கள் மலைச்சரிவில் அக்டோபர் கடைசி என்றாலே இது வழக்கம்தான். என் அண்ணன் எவுசேபியோவின் ஆக்சிஜன் மிஷின் கீச்சிட்டு அடங்கிய சத்தத்தில் எழுந்தேன். படுக்கையருகே இருந்த சிலிண்டரில் குழாயை மாட்டிவிட்டேன். கண்ணைத் திறக்காமலே "நல்லா இரு, ஃபினா" என்றான். என் அண்ணன் யாரையும் நல்லா இரு என்று சொல்கிற ஜாதி இல்லை. சூடு அதிகம், தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

இலையுதிர்காலம் என்று காலண்டர்தான் சொல்லிக்கொண்டிருந்தது. பாலைவனத்திலிருந்து மலையைத் தாண்டி இறங்கும் காற்றுக்கு அது தெரியாது. மழையைப் பார்த்துப் பல மாதம் ஆகிறது. உதடு வெடித்து, மூக்கில் ரத்தம் காய்ந்து, கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுரீரென்று பொறி அடித்தது. தெரு நாய்கள்கூடக் குரைக்காமல் கார்களுக்கு அடியில் படுத்துக் கிடந்தன. இந்தக் காற்று அடிக்கும்போது மனிதர்களுக்கும் கொஞ்சம் கிறுக்குப் பிடிக்கும். எனக்குக் கோபமாக வரும். என் அண்ணனுக்கு என்னவாகும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

கூடத்துக்கு வந்ததும் திக்கென்றது. இறந்தவர்களுக்கான மேசையை முந்தைய நாளே போட்டு வைத்திருந்தேன். வெள்ளை விரிப்பு, உப்பு, ஒரு டம்ளர் தண்ணீர், நடுவில் என் கணவர் ருதீலியோவின் படம். இறந்தவர்களின் நாளில் அவர் வருவார், பசியோடும் தாகத்தோடும் வருவார் என்பது எங்கள் நம்பிக்கை. அவர் சிரித்தபடி இருக்கும் படம் ஒன்றுதான் இருக்கிறது. ஒரு ஞானஸ்நான விருந்தில் எடுத்தது. பக்கத்தில் தோளில் கை போட்டபடி என் அண்ணனும் நிற்கிறான். உயிரோடு இருப்பவர் படத்தை அந்த மேசையில் வைக்கவே கூடாது. வைத்தால், வருகிறவர்கள் கையோடு கூட்டிப் போய்விடுவார்கள். அதனால் வருடா வருடம் படத்தைச் சரியாக நடுவில் மடித்து, அண்ணன் இருக்கும் பாதியைப் பின்னால் தள்ளிவிட்டுத்தான் வைப்பேன். இப்போது அது விரிந்து நின்றது. செத்தவரும் இருப்பவரும் சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"செபோ, இதை நீ பிரிச்சியா?" என்று அண்ணன் அறைப் பக்கம் கத்தினேன்.

"காத்து பிரிச்சிருக்கும்" என்றது உள்ளிருந்து குரல்.

"ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கு."

"அப்ப ருதீலியோ பிரிச்சிருப்பான். தனியா நின்னு போரடிச்சிருக்கும்."

"வாயைக் கழுவு."

"நான் அதுல நல்லாத்தானே இருக்கேன்? தலை நிறைய முடி இருக்கு பாரு."

சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே மடித்து வைத்தேன். மடித்த கோட்டை நகத்தால் அழுத்தித் தேய்த்தேன்.

வீட்டில் இருந்த சிலிண்டர் மத்தியானத்தைத் தாண்டாது. கீழே ஊருக்குப் போய் வேறு வாங்கி வர வேண்டும். ஐஸ் வாங்க வேண்டும், மேசைக்குச் சாமந்திப் பூ வாங்க வேண்டும். எதையும் வாயைத் திறந்து கேட்காத என் அண்ணன் அன்றைக்கு ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனான். ரொட்டி வேண்டும். சரிவின் அடியில் இருக்கும் கடை ரொட்டி வேண்டாம், ஊருக்கு அந்தப் பக்கம் ரெமேடியோஸ் சுடும் ரொட்டிதான் ருதீலியோவுக்குப் பிடிக்கும். மெழுகுவத்தி வேண்டும். நான் செருப்பை மாட்டிய பிறகு, "கறுப்பு ஷூ பாலிஷ் ஒண்ணு" என்றான்.

"எந்தக் கல்யாணத்துக்குக் கிளம்பறே?"

"கால் இருக்கறவன் ஷூவுக்கு பாலிஷ் போடக் கூடாதா? மெதுவாவே வா. அவசரமில்ல."

காரில் இறங்கும்போது முதல் திருப்பத்தில் அன்செல்மோவின் வீடு. அண்ணனின் ஒரே சிநேகிதர் அவர்தான். மரியாதைக்கு 'டான்' சேர்த்துத்தான் நான் கூப்பிடுவேன். பெண்டாட்டி போன பிறகு தனியாள். மூட்டுவாதத்தில் விரலெல்லாம் வளைந்து, சட்டைப் பித்தானைக்கூட என் அண்ணன்தான் போட்டுவிடுவான். ஆனால் சாயங்காலம் இருவரும் டொமினோ ஆட உட்கார்ந்தால், அவர் காயை மேசையில் அடிக்கிற சத்தம் ரோடு வரை கேட்கும். அன்று அவருடைய கேட் சும்மா இருந்தது. அதை நான் நிச்சயமாகப் பார்த்தேன். அங்கே கிடந்த அவருடைய பழைய நீலக் காரையும் பார்த்தேன்.

கேட்டைப் பற்றி ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் தெருவுக்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் பெரிய தீ வந்தபோது, காலி வீடுகளின் கதவையெல்லாம் தட்டித் தட்டியே ஷெரிஃப் போலீஸ் ஆட்களுக்கு நேரம் போய்விட்டது. அதற்குப் பிறகு தெருவே கூடிப் பேசி முடிவு செய்தது. வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர்கள் கேட்டில் ஒரு வெள்ளைத் துண்டைக் கட்டிவிட்டுப் போக வேண்டும். துண்டு தொங்கினால் உள்ளே ஆள் இல்லை, அடுத்த வீட்டுக்குப் போகலாம். ஷெரிஃப் ஆட்களுக்கும் அது தெரியும். எல்லோர் வீட்டிலும் அதற்கென்றே ஒரு துண்டு இருக்கும். எங்களுடையது அடுப்படி இழுப்பறையில் இருந்தது. அதில் யாரும் கைகூடத் துடைக்க மாட்டோம்.

அந்தத் தீயின்போது எங்களைப் பள்ளிக்கூட ஜிம்மில் தங்க வைத்தார்கள். கட்டில் போட்ட இடத்தில் பிளக் இல்லை. அழுகிற குழந்தைகளுக்கு நடுவில் என் அண்ணன் நீலம் பாரித்துக் கிடந்தான். யாரோ ஒருவர் நீளமான ஒயர் தேடிக் கொண்டுவந்ததால் பிழைத்தான். வீடு திரும்பியதும் நாற்காலியில் உட்கார்ந்து, "அடுத்த வாட்டி நான் இதை விட்டு எந்திரிக்க மாட்டேன்" என்றான். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஊரில் எல்லாமே மெதுவாக நடந்தது. சிலிண்டர் கடைக்காரர் கையிலிருந்து எனக்கும் என்னிடமிருந்து அவருக்கும் பொறி பறந்தது. பூக்கடையில் சாமந்தி செடியிலேயே காய்ந்து வந்திருந்தது. தொட்டால் அப்பளம்போல நொறுங்கியது. இருப்பதில் நல்லதாகப் பொறுக்கினேன். ரெமேடியோஸ் கடைக்குப் போய்ச் சேரும்போது மத்தியானம். வெளிச்சம் மஞ்சளாகி, பிறகு ஆரஞ்சாகி, கடைக் கண்ணாடியெல்லாம் பழுத்த பப்பாளி நிறத்தில் இருந்தது.

ரெமேடியோஸ் என்னைப் பார்த்ததும் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஃபினா! நீங்க ரெண்டு பேரும் கிளம்பிட்டீங்கன்னு சொன்னாங்களே?"

"எங்க கிளம்பினோம்? ரொட்டி வாங்க வந்திருக்கேன்."

"தண்ணி கேன் போடற பையன் மேலேர்ந்து இப்பதான் வந்தான். உங்க கேட்ல துண்டு தொங்குதுன்னான். உங்க மேட்டுக்குப் பின்னாடி தீ பிடிச்சிருக்கு. உனக்குத் தெரியாதா?"

தெரியாது. மேட்டுக்குப் பின்னால் இருந்த அழுக்குச் சாம்பல் நிறத்தை மேகம் என்று எண்ணியிருந்தேன். இந்த வருடம் மேகத்தையே பார்க்காதவள் அப்படி எண்ணினேன். வீட்டுக்கு போன் போட்டேன். மணிகூட அடிக்கவில்லை. மின்சாரம் போனால் மேலே டவரும் போய்விடும். "வேற யார் கேட்டையாவது பாத்திருப்பான்" என்றேன். ரெமேடியோஸ் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி என் கையில் திணித்தாள். சாவு வீட்டுக்குப் போகிறவர்களிடம் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் கொடுத்தாள்.

சரிவின் அடியில் தடுப்பு போட்டிருந்தார்கள். ஒரு ஷெரிஃப் அதிகாரி, என் மகள் வயதுப் பெண், வெடித்த உதட்டில் எதையோ தடவியபடி கை காட்டி நிறுத்தினாள்.

"மேல யாரும் போகக் கூடாது மேடம்."

"என் அண்ணன் வீட்ல இருக்கான். மஞ்சள் வீடு, ரெண்டாவது திருப்பம் தாண்டி."

"மஞ்சள் வீட்ல துண்டு இருக்கு. நானே பாத்தேன். மைக்ல கூப்பிட்டேன், யாரும் வரல. அந்தத் தெருவே காலி."

"அவனால வாசலுக்கு ஓடி வர முடியாது. துண்டை நான் கட்டல. அது என் டிராயர்ல இருக்கு."

"அப்ப யாரு கட்டினாங்க?"

ஒரு நொடி எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நாங்கள் காலையிலேயே கிளம்பிவிட்டோமோ, நான்தான் மறந்துவிட்டேனோ என்று நினைத்தேன். ஊரே நாங்கள் போய்விட்டோம் என்கிறது. நான் ஒருத்திதான் ரொட்டியும் பூவும் வைத்துக்கொண்டு இல்லை என்கிறேன். பிறகு பின் சீட்டில் கிடந்த சிலிண்டரைக் காட்டினேன். "இதைக் காலி வீட்டுக்கா கொண்டுபோறேன்?" என்று கேட்டேன். அவள் சிலிண்டரைப் பார்த்தாள், மேட்டைப் பார்த்தாள், ரேடியோவில் ஏதோ பேசினாள். "என் வண்டில ஏறுங்க. அவரைக் கூட்டிக்கிட்டு உடனே இறங்கறோம்" என்றாள்.

மேலே ஏற ஏறச் சாம்பல் பூத்தூவலாக விழுந்தது. இரண்டு பக்கமும் கேட்டுகளில் வெள்ளை வெள்ளையாகத் துண்டுகள். வண்டி ஓடிய வேகத்தில் நான் எதையும் நின்று பார்க்கவில்லை. என் கண் எங்கள் கேட்டுக்காகத்தான் காத்திருந்தது.

இருந்தது. எங்கள் துண்டேதான். நீலக் கரை போட்டது. கம்பியில் இரண்டு சுற்று சுற்றி, நுனியை உள்ளே செருகிய முடிச்சு. ஆயுசு முழுக்க அடுத்தவர் தோட்டத்தில் இளமரங்களைக் கொம்போடு கட்டிய என் அண்ணனின் கை அது. எங்கள் வீட்டுக் காகிதப்பூக் கொடியிலும் அதே முடிச்சுதான் இருக்கிறது. எந்தக் காற்றுக்கும் அவிழாது.

அவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை, சீவின தலை. சிலிண்டர் முள் சிவப்பில் இருந்தது. வாசல் வரை இழுத்துக்கொண்டு நடந்ததில் தீர்ந்திருக்க வேண்டும். மேசையில் படம் மறுபடியும் விரிந்து நின்றது. அவனுக்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர்.

"ஏன் வந்தே?" என்றான். அவ்வளவுதான் அவனால் ஒரு மூச்சில் முடிந்தது.

"ஏன் வந்தேனா? பாவி! என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கே?"

"கீழ தடுத்திருப்பாங்க. துண்டு இருக்குன்னு சொல்லுவாங்க. அன்செல்மோ கார்ல நான் போயிட்டேன்னு நெனச்சுக்கிட்டு... நீ உன் பொண்ணு வீட்டுக்குப் போயிடுவேன்னு பாத்தேன்."

"உன்னை விட்டுட்டுப் போற ஆளா நான்?"

"இல்ல. அதனாலதான் தெரியாமப் போகட்டும்னு பாத்தேன்."

எனக்கு அவனை அறையலாம்போல இருந்தது. கட்டிக்கொண்டு அழலாம்போலவும் இருந்தது. இரண்டுக்கும் நேரமில்லை. புதுச் சிலிண்டரைத் திருகிக் குழாயை மாட்டினேன். முதல் மூச்சு உள்ளே போனபோது அவன் முகம் குற்றவாளியின் முகமாகிவிட்டது. பிழைப்பதற்கு வெட்கப்பட்ட ஒருவனை அன்றுதான் பார்த்தேன்.

"அன்செல்மோ எங்க?"

"போயாச்சு" என்றான், மேசையைப் பார்த்தபடி. பிறகு, "பாலிஷ் வாங்கினியா?" என்றான்.

நானும் அந்தப் பெண்ணும் சேர்ந்து நாற்காலியோடு தூக்கினோம். எலும்பும் சட்டையும்தான், கனமே இல்லை. போகிற போக்கில் மேசையிலிருந்த படத்தைப் பிடுங்கி ரவிக்கைக்குள் செருகிக்கொண்டேன், மடிக்கக்கூட நிற்கவில்லை. மேட்டின் உச்சியில் ஒரு சத்தம், பெரிய லாரி ஒன்று நிற்காமல் வருவதுபோல. கேட்டைத் தாண்டும்போது என் கை தானாகத் துண்டை அவிழ்க்கப் போனது. "இருக்கட்டும் மேடம். இப்பதான் அது நெசம்" என்று அந்தப் பெண் தடுத்தாள்.

வண்டி இறங்கியது. அண்ணன் தலை என் தோளில் கிடந்தது. ஆக்சிஜன் முகமூடியில் அவன் மூச்சு பனித்துப் பனித்துக் கலைந்தது. அன்செல்மோவின் வீட்டுத் திருப்பத்தில் வண்டி வேகத்தைக் குறைத்தது. நீலக் கார் காலையில் நின்ற இடத்திலேயே நின்றது, கூரையெல்லாம் சாம்பல். கேட்டில் துண்டு. கம்பியில் இரண்டு சுற்று, நுனி உள்ளே செருகியிருந்தது.

சட்டைப் பித்தான் போட முடியாத விரல்கள் அந்த முடிச்சைப் போட்டிருக்க முடியாது.

"நிறுத்துங்க" என்றேன். "செபோ, இது யார் கட்டினது?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "அந்தாளு கேட்டுக்கிட்டாரு. கார்ல கூட்டிப் போயி, திரும்ப விட்டாரு" என்றான், அல்லது அப்படி எனக்குக் கேட்டது.

இறங்கி ஓடினேன். அந்தப் பெண் பின்னால் ஏதோ கத்தினாள். கேட்டைத் தொட்டதும் விரலில் பொறி அடித்தது. முடிச்சில் கை வைத்தபோது காற்று சட்டென்று நின்றது. இந்தக் காற்று நடுநடுவே அப்படி நிற்கும், மூச்சு வாங்குவதற்கு என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அந்த அமைதியில் உள்ளே மேசைமேல் டொமினோ காய் ஒன்று 'டக்'கென்று விழுந்தது. பிறகு, எதிராளி யோசிக்கிற அளவுக்கு இடைவெளி. இன்னொரு 'டக்'.

"டான் அன்செல்மோ!" என்று கூப்பிட்டேன்.

காற்று திரும்ப வந்தது. என் கையிலிருந்த துண்டு படபடவென்று எழும்பியது. கீழே திருப்பத்துக்குத் திருப்பம், கேட்டுக்குக் கேட்டு, வெள்ளைத் துண்டுகள் எல்லாம் ஒரே பக்கமாகப் பறந்துகொண்டிருந்தன. நின்ற இடத்திலிருந்து எது யார் போட்ட முடிச்சு என்று தெரியவில்லை.