ஒன்பதில் ஏழாவது செய்தி

சலூன்காரரிடம் வருபவர்கள் முடிக்காக மட்டும் வருவதில்லை. எதிர்த் தெருவில் நடந்த ஒரு சின்னச் சண்டை அவர் காதில் விழுந்தால் போதும், கண், காது, மூக்கு வைத்து, மேலே ஒரு மீசையும் வரைந்துதான் வெளியே அனுப்புவார். கடையில் நாற்காலி இரண்டு, கண்ணாடி ஒன்று, காத்திருக்க நீளமாக ஒரு பெஞ்சு. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு வெட்டுவதற்கு முடியே கிடையாது.

அப்படிப்பட்ட மனிதரிடம் போய், ஒரு செய்திக்கு நாற்பது எழுத்துதான் என்று சொன்னால் எப்படி இருக்கும்?

"நாற்பதா? எனக்குத் தும்மல் வந்தாலே அதுக்கு மேல ஆகுமேம்மா!"

"இழுத்துப் பிடிச்சா அம்பது வரைக்கும் போகும்ணே. தமிழ் எழுத்து கொஞ்சம் இடத்தை அடைக்கும். அதுக்கு மேல இந்தப் பெட்டி வாங்காது" என்றாள் மிக்சி மெக்கானிக்.

பெயர்தான் மிக்சி மெக்கானிக். ஊரில் கரண்ட் ஓடுகிற எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தவள். போன மழையில் செல்போன் டவர் படுத்து, ஆறு நாள் யாரும் யாரோடும் பேச முடியாமல் போனதே, அப்போது அவளுக்கு வந்த யோசனைதான் இந்தக் கூட்டு ரேடியோ. தீப்பெட்டி இரண்டை ஒட்டிவைத்த அளவில் ஒரு பெட்டி, அதற்கு விரல் நீளத்தில் ஒரு ஆன்டெனா. போனில் எழுதினால் பெட்டி அதை வாங்கிக் காற்றில் விடும். அடுத்த மாடியில் இருக்கும் பெட்டி பிடித்து அதற்கடுத்த மாடிக்குத் தள்ளிவிடும். ஒருவர் எழுதினால் சேர்ந்தவர்கள் எல்லார் போனிலும் வந்து நிற்கும். சிம் கிடையாது, டவர் கிடையாது. இதுவரை முப்பத்தோரு வீடு சேர்ந்தாயிற்று. முப்பத்திரண்டாவது சலூன்.

சலூன்காரர் ஆசைப்பட்டுச் சேரவில்லை. வீட்டுக்காரி சேர்த்துவிட்டாள்.

காரணம் மச்சான். வீட்டுக்காரியின் ஒரே தம்பி. ஊரின் பெரிய தண்ணீர்த் தொட்டிக்கு அவன்தான் பம்ப் ஆபரேட்டர். இரண்டு வருடத்துக்கு முன் அவனுக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வந்தவர், நேராக சலூனுக்கு வந்து ஷேவிங்குக்கு உட்கார்ந்தார். நல்லதாக நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் முகத்தில் நுரையைப் பூசியதும் சலூன்காரருக்கு வாய் ஊறிவிட்டது. மச்சான் மோட்டாரைப் போட்டுவிட்டுத் தூங்கிப்போனதாகவும், தொட்டி நிரம்பி வழிந்து, வெள்ளம் அவனைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய் பேக்கரி வாசலில் இறக்கிவிட்டதாகவும், அப்போதும் அவன் எழுந்திருக்கவில்லை என்றும் சொன்னார். அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் கத்தியை மூன்று முறை தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. சிரித்து முடித்துவிட்டு நேராகப் போய் வேறு மாப்பிள்ளை பார்த்தார்.

அன்றிலிருந்து மச்சானுக்கு ஊரில் பெயர் தூங்குமூஞ்சி. அக்கா வீட்டுப் பக்கம் அவன் வருவதில்லை, போனையும் எடுப்பதில்லை.

"போனை எடுக்க மாட்டான். ஆனா இந்த ரேடியோவுல முதல்ல சேர்ந்தவனே அவன்தான். தொட்டி மேல பெட்டி வச்சிருக்கான்" என்றாள் வீட்டுக்காரி. "மன்னிப்புக் கேளுங்க."

"தனியா அனுப்பறதுக்கு ஒரு வழி இருக்காமே..."

"ஊர் முன்னாடிதானே சிரிச்சீங்க? ஊர் முன்னாடியே கேளுங்க. இல்லேன்னா நான் போய் என் தம்பி கூட இருந்துக்கறேன்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பையில் இரண்டு புடவையை மடித்து வைத்திருந்ததை அவர் பார்த்துவிட்டார்.

ஆகவே மறுநாள் காலையில், கடையைத் திறந்து, ஊதுபத்திகூட ஏற்றாமல், சலூன்காரர் மன்னிப்பு எழுத உட்கார்ந்தார். எழுதி எழுதி அது ஒன்பது துண்டாக வந்தது. படிப்பவர்கள் குழம்பக் கூடாதென்று ஒவ்வொன்றுக்கும் 1/9, 2/9 என்று எண் போட்டார். ஒன்று, 'மச்சான், நான் மாமா பேசறேன்.' இரண்டு, 'உங்க அக்கா என்கூட சரியாப் பேசறதில்ல.' இப்படியே ஆறு வரை போனது. ஆறு, 'உன் கல்யாணம் நின்னது என் வாயாலதான்.' எட்டு, 'அதனால உன்னை இனி யாரும் தூங்குமூஞ்சின்னு சொல்லக் கூடாது.' ஒன்பது, 'வீட்டுக்கு வா.'

ஏழில்தான் வில்லங்கம். ஏழாவதில் இருந்தது இது: 'நீ தூங்கவே இல்ல. அந்தக் கதை நான் கட்டினது.'

உண்மை அதுதான். ஒருநாள் பெரிய குழாய் பிளந்து தண்ணீர் ஓடியது நிஜம். ஆனால் மச்சான் அப்போது இடுப்பளவு தண்ணீரில் நின்று, நாலு மணி நேரம் சாக்கை வைத்து அந்தப் பிளவைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். கட்டிலாவது, மண்ணாவது. பம்ப் அறையில் ஒரு ஸ்டூலுக்கு மேல் எதுவும் கிடையாது.

இதை ஊருக்கே எழுதிக் கொடுத்தால் நாளைக்கு யார் வந்து அந்தப் பெஞ்சில் உட்காருவார்கள்? அவர் தொழிலில் பாதி கத்தரி, மீதி கதை. ஆறு வரை அனுப்பிவிட்டார். ஏழுக்கு மட்டும் விரல் பொத்தான் மேல் போய்ப் போய்த் திரும்பியது. 'பத்துக்கு ஒண்ணு காத்துல தொலைஞ்சு போகும்ணே' என்று மெக்கானிக் சொன்னது நல்ல நேரத்தில் ஞாபகம் வந்தது. தொலைந்தது ஏழாவதாக இருக்கட்டுமே! ஏழை அழித்துவிட்டு எட்டையும் ஒன்பதையும் அனுப்பினார்.

மதியத்துக்குள் பெஞ்சு நிரம்பிவிட்டது. யாருக்கும் முழுதாக வந்திருக்கவில்லை. ஒருவரிடம் இரண்டும் ஐந்தும் இல்லை, இன்னொருவரிடம் நாலும் ஒன்பதும் இல்லை. ஆளாளுக்குப் போனை நீட்டி, இல்லாததை இருப்பவரிடம் பார்த்துக் கோர்த்தார்கள். எல்லாம் சேர்ந்தது. ஏழு மட்டும் எவரிடமும் இல்லை.

"எட்டுல அதனாலன்னு ஆரம்பிக்குதே. எதனால?" என்றார் பேக்கரிக்காரர்.

"காத்துல போயிருக்கும்" என்றார் சலூன்காரர், சீப்பைத் துடைத்துக்கொண்டே.

"என்ன எழுதியிருந்தீங்கன்னு சொல்லுங்களேன்."

"அதெல்லாம் ஞாபகம் இல்லைங்க."

பத்து வருடத்துக்கு முந்திய கல்யாணத்தில் யார் எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள் என்று சொல்கிற மனிதர் இவர். பெஞ்சு அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தது.

சாயங்காலத்துக்குள் 'எதனால?' என்று முப்பத்தோரு வீடும் கேட்க ஆரம்பித்துவிட்டது. பாவம், மெக்கானிக்தான் தவித்துப்போனாள். தன் ரேடியோவில்தான் ஓட்டை என்று நினைத்து, இடுப்பில் ஸ்பேனரைச் செருகிக்கொண்டு ஏழு மாடி ஏறி ஏழு ஆன்டெனாவையும் முடுக்கினாள். சலூன் மாடிக்கும் வந்தாள். கையெல்லாம் துரு, முழங்காலில் சிராய்ப்பு.

"ஒரேயொரு செய்தி மட்டும் எல்லார்கிட்டயும் எப்படிண்ணே தொலையும்? எங்க தப்புன்னே தெரியல" என்றாள்.

சலூன்காரர் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். வேறு எதுவும் கொடுக்கத் தைரியம் வரவில்லை. தன்னை நினைத்தால் அவருக்கே கேவலமாக இருந்தது.

மறுநாள் பத்து மணிக்குக் கடை வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. மச்சான். பெஞ்சில் இருந்தவர்கள் தானாக நகர்ந்து இடம் விட்டார்கள். அவன் உட்காரவில்லை.

"தொட்டி மேல இருக்கிற பெட்டிக்கு ஊர்ல பேசறது எல்லாமே கேக்கும்" என்றான். "மத்த எட்டு துண்டும் எனக்கு நேரா வந்துச்சு. ஏழு வரல. உங்க போனைக் காட்டுங்க."

சலூன்காரர் சீப்பைக் கீழே வைத்தார். போனைக் கொடுத்தார். மச்சான் விரலால் தள்ளிப் பார்த்தான். ஆறுக்கு அடுத்து எட்டு.

"இது காத்துல தொலையல. கிளம்பவே இல்ல."

சலூன்காரர் அவனைக் கையைப் பிடித்துப் பின்பக்கம், துண்டு காயப்போடும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஊரே கேட்டுக்கொண்டிருக்கும்படி பேசுகிற ஆள், ஒரு வாய் வார்த்தைக்குத் திணறினார். கடைசியில் சொல்லிவிட்டார். "நீ தூங்கல மச்சான். கதையை நான்தான் கட்டினேன். அந்த ஆள் சிரிச்சாரா, அப்புறம் என்னால நிறுத்த முடியல. தப்புதான். பெரிய தப்பு."

சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. நடிப்பில்லை.

"இதை என்கிட்ட ஏன் சொல்றீங்க?" என்றான் மச்சான். "நான் தூங்கலன்னு எனக்குத் தெரியாதா? தெரியாதது ஊருக்குத்தான். என்னை அப்படிக் கூப்பிடறது ஊர்தான்."

சலூன்காரர் உள்ளே வந்தார். எல்லார் முன்னாலும் தன் நாற்காலியில் தானே உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்க்காமல், எழுத்து எழுத்தாகத் தட்டினார். ஏழு, கோடு, ஒன்பது. நீ தூங்கவே இல்ல. அந்தக் கதை நான் கட்டினது. ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

முதலில் பெஞ்சில் இருந்த போன்கள் ஒவ்வொன்றாகக் கூவின. பிறகு மச்சான் சட்டைப் பையில் இருந்ததும் கூவியது. இங்கிருந்து தொட்டிக்கு ஏறி, தொட்டியிலிருந்து ஊரின் அந்தப் பக்கத்துக்கெல்லாம் அது இறங்கியிருக்க வேண்டும். தெருத் தெருவாக 'வந்தது', 'வந்தது' என்று பதில் வர ஆரம்பித்தது. மெக்கானிக்கிடமிருந்து வந்த 'வந்தது'வில் மட்டும் நாலு ஆச்சரியக்குறி இருந்தது.

பேக்கரிக்காரர் தொண்டையைச் செருமினார். கட்டில் தன் கடை வாசலில் வந்து நின்றதைக் கண்ணால் பார்த்ததாக இரண்டு வருடமாகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

"எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்துச்சு" என்றார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியாக வீட்டிலிருந்து வந்தது: 'தம்பி அங்க இருந்தா சாப்பிடக் கூட்டிட்டு வாங்க.'

சலூன்காரர் அதை மச்சானிடம் காட்டினார். அவன் படித்தான், மறுபடியும் படித்தான். பிறகு நாற்காலியில் வந்து உட்கார்ந்தான்.

"மன்னிக்கிறதைப் பத்தி அப்புறம் பார்க்கலாம். அக்கா முன்னாடி இப்படிப் போக முடியாது. முடியை வெட்டுங்க, மாமா."

சலூன்காரர் துணியை உதறி அவன் கழுத்தில் கட்டினார். பின்னங்கழுத்தைப் பார்த்தார். இத்தனை நாளாக யார் கையில் கொடுத்தானோ, எலி கடித்த பாய் மாதிரி இருந்தது. நாக்கின் நுனியில் ஒன்றல்ல, ஐந்தாறு கதை வந்து வரிசையில் நின்றது. பெஞ்சும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது.

அவர் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, கத்தரியை எடுத்துக்கொண்டார்.

"தலையைக் கொஞ்சம் குனி, மச்சான்" என்றார்.