அடுக்களை வழியாக ஆடிச்சுற்று

இசக்கித்துரையைச் சும்மா சொல்லக்கூடாது, புண்ணாக்கு யாவாரத்தில் ஆள் புலி. மேலநீலிதநல்லூர், பனவடலிசத்திரம் என்று எந்தப் பக்கத்திலிருந்து மாட்டுக்காரன் சங்கரன்கோவிலுக்கு வந்தாலும் வண்டியை இவர் கடை முன்னால்தான் நிறுத்துவான். ஒரே ஒரு வில்லங்கம், புலி படுத்திருந்த இடம் ஊர் இடம்.

ஒரு காலத்தில் பஞ்சாலையிலிருந்து ஸ்டேஷன் வரைக்கும் சின்னத் தண்டவாளம் போட்டு டிராலியில் பஞ்சுப்பொதி தள்ளினார்கள். ஆலையை மூடினார்கள், தண்டவாளத்தைப் பழைய இரும்புக்காரன் அள்ளிக்கொண்டு போனான், பாதை மட்டும் ஊருக்குள் நீளமாகக் கிடந்தது. சும்மா கிடந்தால் விடுவோமா நாம்? ஒருத்தர் ஆட்டைக் கட்டினார், ஒருத்தர் கக்கூஸ் கட்டினார். இசக்கித்துரை தன் அடுக்களைச் சுவரை ஒட்டித் தகரக்கூரை போட்டு ஒரு குடோனே கட்டிவிட்டார். பருத்திக்கொட்டையும் தவிடும் அடுக்க வேறு இடம் கிடையாது. அது போனால் யாவாரம் படுத்துவிடும்.

அந்தப் பாதையில்தான் ஜனங்கள் நடக்கவும் சைக்கிள் விடவும் தளம் போடப்போவதாக நகராட்சி கிளம்பியது. ஊரில் பாதிப் பேருக்குச் சுகர், எல்லாருக்கும் கொண்டாட்டம். இன்ஜினியர் விஜிதா சுண்ணாம்புக்கோடு போட்டுக்கொண்டே வந்தாள். கோடு குடோன் வாசலில் வந்து முட்டியது.

"அண்ணாச்சி, ஆடி முடியறதுக்குள்ள நீங்களா எடுத்துருங்க" என்றாள் தன்மையாக.

தன்மையாகச் சொன்னால் கேட்கிற ஆளா? மறுநாள் விடிந்தும் விடியாமலும் அடுக்களையிலிருந்த அம்மிக்குழவியைத் தூக்கினார். மஞ்சளைப் பூசி, குங்குமம் வைத்து, கோவில் புற்றுமண்ணைச் சுற்றிலும் குவித்து, குடோன் நடுவில் நட்டார். "நாகர் கனவுல வந்து இங்கன இருக்கேன்னு சொன்னாரு வே!" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

விஜிதா வந்து பார்த்தாள். செருப்பைக் கழற்றினாள். சாமி விஷயம், ஆபீஸில் கேட்டுச் சொல்லுதேன் என்று போய்விட்டாள். இசக்கித்துரை அன்றைக்கு ரெண்டு வடை கூடுதலாகத் தின்றார்.

"தொவையல் அரைக்கக் குழவியைக் காணலையே" என்றாள் அவர் பெண்டாட்டி சண்முகசுந்தரி. அவர் குடோன் பக்கம் கண்ணைக் காட்டினார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

பாவி மனுஷன், எந்த மாசம் என்று யோசித்தாரா? ஆடித்தபசு நெருங்குகிறது. கோமதியம்மனை நூத்தியெட்டுத் தரம் சுற்றுகிற ஆடிச்சுற்றில் பழகிய கால்கள் இந்த ஊர்க் கால்கள். டீக்கடை பேச்சிராஜ்தான் ஆரம்பித்துவைத்தான். "புதுச்சாமியை நாம சுத்தாம வேற ஆரு சுத்துவா?" என்று குடோனைச் சுற்றக் கிளம்பினான். மூணு பக்கம் சரி. நாலாவது பக்கம் இசக்கித்துரையின் அடுக்களை. நல்லவேளையாக அடுக்களைச் சுவரில் குடோனுக்கு இந்தப் பக்கம் ஒரு கதவு, அந்தப் பக்கம் ஒரு கதவு. பேச்சிராஜ் ஒன்றில் நுழைந்து, தோசை சுட்டுக்கொண்டிருந்த சண்முகசுந்தரிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மற்றதில் வெளியேறினான். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்தான்.

அடுத்த நாள் தெருவே வந்தது. அதற்கடுத்த நாள் ராயகிரியிலிருந்து வேன் வந்தது. அடுப்புக்கும் அலமாரிக்கும் நடுவில் ஈரச்சேலையோடு ஜனம் வரிசையாகப் போகிறது. சாமி சுற்றுகிறவர்களை மறிக்க முடியுமா?

"மைனி, குழம்புல புளி தூக்கலா இருக்கும் போலிருக்கே, வாடை அடிக்கி" என்றாள் மூன்றாம் வீட்டு நிர்மலாதேவி, நிற்காமல். அடுத்த சுற்றில் வந்து, "இப்பம் சரியாயிட்டு" என்றாள். பொரித்து வைத்த அப்பளம் சுற்றுக்கு ஒன்றாகக் குறைந்தது.

"வேலியில போன ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுட்டு நிக்கியளே!" என்று சண்முகசுந்தரி கரண்டியை வீசினாள். அவர் குனிந்துகொண்டார், பின்னால் வந்த பக்தர் பிடித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு நடுவிலேயே விஜிதா சிரித்த முகமாக வந்தாள். "டிராயிங்கை மாத்தியாச்சு அண்ணாச்சி. பாதை ரெண்டாப் பிரிஞ்சு சாமியைச் சுத்திப் போகும். குடோன் அப்படியே இருக்கலாம்."

இசக்கித்துரைக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

"ஆனா சுத்துறதுக்கு அடுக்களைதான் குறுக்க நிக்குது. அளந்து பாத்தோம், அதுவும் டிராலிப் பாதைமேலதான் கட்டியிருக்கு. அதை எடுத்தாப் போதும்."

சண்முகசுந்தரி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"நாகருக்கு எதுக்கும்மா தகரக்கூரை? வெட்டவெளியில இருக்குத சாமி. குடோனைப் பிரிச்சுட்டா அந்த இடத்துலயே சாமியைச் சுத்திக்கிடலாம், அடுக்களைப் பக்கம் ஒருத்தரும் வர வேண்டாம். இவிய நேத்தே சொல்லிட்டாவ, குடோன் இடத்தைச் சாமிக்கே விட்டுருதேன்னு."

"நான் எப்பம்டீ சொன்னேன்..." என்று ஆரம்பித்தார்.

"கனவுல நாகர் வந்த கதையை முழுசாச் சொல்லட்டுமா? எந்தக் கல்லுல வந்தாருங்கிறதையும் சேத்து?" என்று அவர் காதோடு கேட்டாள்.

அவர் கூட்டத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். கூட்டம் கை தட்டியது. பேச்சிராஜே ஏறித் தகரத்தைப் பிரித்தான்.

பாதை திறப்புவிழா அன்றைக்கு இடம் கொடுத்த வள்ளல் என்று மைக்கில் சொல்லி இசக்கித்துரைக்குச் சால்வை போட்டார்கள். வீட்டில் புண்ணாக்கு மூட்டை கட்டில் வரைக்கும் ஏறியிருந்தது, தவிடு பூஜை அறையில் கிடந்தது. கண்முன்னால், தன் பருத்திக்கொட்டை அடுக்கியிருந்த இடத்தில், சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு வளைந்து போயின. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார் மனுஷன்.

"என்னா பக்தி பாருங்கவே!" என்று பேச்சிராஜ் கன்னத்தில் போட்டுக்கொண்டான். நிர்மலாதேவிக்கும் கண் கலங்கிவிட்டது. எதற்கு அழுகிறார் என்று தெரிந்த ஒரே ஆள் சண்முகசுந்தரி. முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். அவள் தோளும் குலுங்கியது, அது சிரிப்பை அடக்க மாட்டாமல்.