படகில் ஏறினாராம்

அந்தத் திங்கட்கிழமை முதல் வகுப்பில் கோமளா இரண்டாம் ஆண்டு பி.காம் பெண்களுக்கு நடத்தியது பிரெஞ்சு இலக்கணத்தில் ஒரு வினைவடிவத்தை. நடந்திருக்கக்கூடியது, ஆனால் நடக்காமல் போனது. தெரிந்திருந்தால் வந்திருப்பேன், மழை விட்டிருந்தால் கிளம்பியிருப்போம். பிரெஞ்சில் அதற்கு 'ஓரெ' என்று ஒரு துணைவினை முன்னால் வரும், சில வினைகளுக்கு 'செரெ'. எதற்கு எது என்று பிரிப்பதில்தான் பெண்கள் மதிப்பெண்ணைக் கோட்டை விடுவார்கள். பதினான்கு வருடமாகக் கரும்பலகையில் இரண்டு பத்தியாக எழுதிப் போட்டு, மனப்பாடம் செய்ய வைத்து, கோயமுத்தூரில் அந்தப் பாடத்துக்குக் கோமளா மேடம்தான் என்று பேர் வாங்கியிருந்தாள். பிரான்சைப் பார்த்ததில்லை. தபால் வழியில் எம்.ஏ. முடித்தவள்.

பன்னிரண்டரை மணிக்குக் கல்லூரி ஆபீஸுக்கு அவளைக் கேட்டு போன் வந்தது. பேசியவர் வெங்கடபதி, அவள் கணவரின் பழைய சிநேகிதர், கணபதி பகுதியில் பம்ப் கம்பெனி வைத்திருப்பவர். 1994-ல் அவருடைய பம்புகள் ஆப்பிரிக்காவில் மாலி என்ற நாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. அங்கே கடிதப் போக்குவரத்தெல்லாம் பிரெஞ்சில்தான். ஃபேக்ஸ் எது வந்தாலும் கோமளா படித்துச் சொல்வாள், பதிலையும் அவளே எழுதிக் கொடுப்பாள். ஆற்றங்கரை ஊர்களில் பம்புகளைப் பூட்டிக் கொடுக்கக் கருப்புசாமி என்ற ஃபிட்டர் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. சூலூர்க்காரர். முந்தின வாரம் வந்த ஃபேக்ஸில் அவருக்கு மலேரியாக் காய்ச்சல் என்று இருந்தது. இப்போது அங்கிருக்கும் ஏஜென்டிடமிருந்து இன்னொன்று வந்திருப்பதாகவும், கையோடு வந்து பார்த்தால் தேவலை என்றும் வெங்கடபதி சொன்னார்.

ஆட்டோ பிடித்துப் போனாள். நின்றபடியே படித்தாள். மொத்தம் நாலு வரி. ஞாயிறு காலை ஆற்றைக் கடந்த படகு கவிழ்ந்துவிட்டது என்பது முதல் வரி. அடுத்த இரண்டு வரிகளிலும் 'ஓரெ' இருந்தது. காலையில் கரும்பலகையில் எழுதிய அதே சொல். அவளுக்குள் அது முதலில் ஆங்கிலமாகி, பிறகு தமிழாயிற்று.

"அந்தப் படகுல ஏறியிருந்திருப்பாரு. ஏறியிருந்தா பொழச்சிருக்க மாட்டாருன்னு எழுதியிருக்காங்கண்ணா."

"அப்ப ஏறலீங்களா?"

"ஏறலீங்கண்ணா. காய்ச்சல்ல படுத்திருக்கப் போய்த் தப்பிச்சிருக்காரு."

காய்ச்சல் என்ற வார்த்தை அந்தத் தாளில் எங்கும் இல்லை. அதை அவள் கவனிக்கவும் செய்தாள். ஏஜென்ட் பதற்றத்தில் விட்டிருப்பார் என்று எண்ணி, இல்லாத பாதி வாக்கியத்தைத் தானே நிரப்பிக்கொண்டாள். கடைசி வரி, உங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கிறோம் என்றது. வேலையைத் தொடரலாமா என்று கேட்கிறார்கள் என எடுத்துக்கொண்டாள். வெங்கடபதி நாற்காலியில் சாய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கருப்புசாமி நலம் என்பதில் மிக்க மகிழ்ச்சி, உடம்பு தேறும் வரை ஓய்வெடுக்கட்டும் என்று பதில் எழுதச் சொன்னார். எழுதினாள். பிழையில்லாத பிரெஞ்சு.

படகு கவிழ்ந்த சேதி வேறு யார் வழியாவது அரைகுறையாகச் சூலூருக்குப் போவதற்குள் நாமே சொல்லிவிடலாம் என்று நினைத்து, கருப்புசாமியின் வீட்டுக்குப் பக்கத்து மளிகைக் கடைக்குப் போன் செய்ததும் அவள்தான். அவர் மனைவி நாச்சியம்மாள் தறிக்குடோனிலிருந்து ஓடி வந்து போனை வாங்கினாள். கோமளா நடந்ததைச் சொன்னாள்.

"நீங்க நல்லா இருக்கோணுங்க டீச்சர்" என்றாள் நாச்சியம்மாள்.

புதன்கிழமை கருப்புசாமியின் அண்ணன், தம்பிதுரை என்பவர், தூக்குப்போசியோடு கல்லூரி வாசலுக்கு வந்தார். மாரியம்மன் கோயிலில் வைத்த பொங்கல். கோமளாவுக்குக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டில் சாப்பிடுவோம் என்று நாச்சியம்மாள் சொன்னாளாம்.

வெள்ளிக்கிழமை அடுத்த ஃபேக்ஸ் வந்தது. அதில் 'ஓரெ' ஓரிடத்திலும் இல்லை. எல்லாம் நடந்து முடிந்ததைச் சொல்லும் நேரான வாக்கியங்கள். செவ்வாய்க்கிழமை உடல் கரை ஒதுங்கியது. உங்கள் பதில் எங்களுக்கு விளங்கவில்லை. போன் செய்து பார்த்தோம், லைன் கிடைக்கவில்லை. இந்த வெயிலில் வைத்திருக்க வழியில்லை. புதன் மாலை அடக்கம் செய்தோம்.

கோமளா இரண்டு ஃபேக்ஸையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாறிமாறிப் படித்தாள். பிறகு வெங்கடபதிக்கு இரண்டாவதைப் படித்துச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் இலக்கணப் புத்தகத்தை எடுத்தாள். அந்தப் பாடத்தின் கடைசியில், பயிற்சிகளுக்கும் கீழே, பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. தாம் நேரில் அறியாத, உறுதியாகாத செய்தியைச் சொல்லவும் பத்திரிகைகளும் அலுவலகங்களும் இதே வடிவத்தைப் பயன்படுத்தும். பரீட்சைக்கு வராது என்பதால் அவள் ஒரு வருடமும் அதை நடத்தியதில்லை. தமிழில் அதற்கு ஒரு 'ஆம்' போதும். படகில் ஏறினாராம். பிழைக்கவில்லையாம். மளிகைக் கடை வாசலில் நிற்கிற யாரும் தினம் நாலு தடவை சொல்கிற சொல். ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போகாமல் நேராக வந்திருந்தால் அது அவள் வாயில் தானாக வந்திருக்கும்.

அவள் இதை விளக்கியதும், முதல் ஃபேக்ஸைப் பற்றி யாருக்கும் தெரிய வேண்டாம், அங்கிருந்துதான் தப்பான தகவல் வந்தது என்று சொல்லிவிடலாம் என்றார் வெங்கடபதி. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளைக் காப்பாற்றத்தான் சொன்னார். கோமளா தலையாட்டினாள். சூலூருக்கு அவரோடு போய், அவர் பின்னால் நின்றாள். வெங்கடபதி சொல்லி முடித்ததும் எழுந்த அழுகைக்கு நடுவே நாச்சியம்மாள் அவள் கையைத்தான் பிடித்துக்கொண்டாள். டீச்சராலதான் நாலு நாளாவது நிம்மதியா இருந்தேன் என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். கோமளா கையை உருவிக்கொள்ளவில்லை.

உடலைத் தோண்டி எடுத்து அனுப்ப முடியுமா என்று பக்கத்து நாட்டில், டக்காரில் இருந்த இந்தியத் தூதரகத்துக்கு வெங்கடபதி எழுதினார். இனி வழியில்லை என்று பதில் வந்தது. அடக்கம் ஆவதற்கு முன்னால் கேட்டிருந்தால் தலைநகருக்குக் கொண்டுபோய் ஐஸில் வைக்க ஏற்பாடு செய்ய முயன்றிருப்போம் என்றும் அதில் எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தைப் பார்த்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, கோமளா தனியாகச் சூலூர் பஸ்ஸில் ஏறினாள். இரண்டு ஃபேக்ஸும் கைப்பையில் இருந்தன.

தம்பிதுரையும் நாச்சியம்மாளும் வீட்டில் இருந்தார்கள். காபி வைக்க எழுந்தவளை உட்காரச் சொல்லிவிட்டு, கோமளா தாள்களைத் தரையில் விரித்தாள்.

"மொத ஃபேக்ஸ் தப்பா வரலீங்க. நாந்தான் தப்பாப் படிச்சுப்போட்டேன். படகுல ஏறுனாராம், பொழைக்கலையாம்னுதான் எழுதியிருந்தாங்க. என்ன செய்யறதுன்னும் கேட்டிருந்தாங்க. நான் அவரு ஏறவே இல்லைன்னு சொல்லிப்போட்டேன். சந்தோசம்னு பதிலும் எழுதுனேன்."

தம்பிதுரைக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் எழுந்தார். குரலை உயர்த்தவில்லை.

"அம்மணி, நீங்க கெளம்புங்க. எதாச்சும் சொல்லிப்போடுவேன்."

சொல்லிவிட்டு அவரே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நாச்சியம்மாள் அசையவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாத அந்த நாலு வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியாப் படிச்சிருந்தீங்கன்னா அவிய ஒடம்பு வந்திருக்குங்களா?"

"தெரியலீங்க. வந்திருக்கலாம். வராமயும் போயிருக்கலாம்."

"மொகத்தையாச்சும் பாத்திருப்பேன்."

மன்னிப்புக் கேட்கத் தயார் செய்து வைத்திருந்த வார்த்தைகளை விட்டுவிட்டு, கோமளா தாள்களை மடித்தாள். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. நாச்சியம்மாள் முந்தானையால் மூக்கைச் சிந்தி, நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அந்த ஊருக்கு உங்களால எழுத முடியுங்களா?"

"முடியுங்க."

"அப்ப நாஞ் சொல்றதெ எழுதுங்க. குளிப்பாட்டுனாங்களா, என்ன துணி போத்துனாங்க, தலையெ எந்தப் பக்கம் வெச்சாங்க, ஆரு மொத மண்ணுப் போட்டாங்க. இதெல்லாம் எனக்குத் தெரியோணும்."

கோமளா கைப்பையிலிருந்து காகிதம் எடுத்தாள். மரியாதையாக ஆரம்பிக்க வேண்டும் என்று, அதே வினைவடிவத்தில் 'அறிய விரும்பியிருப்போம்' என்ற பொருளில் பிரெஞ்சுக்காரர்கள் எழுதும் தொடரைக் கை தானாக எழுதிற்று. அதை அடித்துவிட்டு, 'நாங்கள் அறிய விரும்புகிறோம்' என்று எழுதினாள். தெரிந்ததை மட்டும் எழுதுங்கள், தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள் என்று கடைசியில் தானே ஒரு வரி சேர்த்தாள். சேர்த்ததை நாச்சியம்மாளிடம் சொல்லவும் செய்தாள்.

பதில் வர மூன்று மாதம் ஆயிற்று. ஏஜென்ட் அந்தக் கடிதத்தை ஆற்றங்கரை ஊரின் பள்ளிக்கூட வாத்தியாருக்கு அனுப்பியிருந்தார். கோடு போட்ட நோட்டுத் தாளில், இரண்டு பக்கம், குண்டு குண்டான எழுத்து. கோமளா வீட்டில் அகராதியை வைத்து ஒரு நாள் முழுக்கப் படித்தாள். துணைவினைகளை ஒவ்வொன்றாகப் பென்சிலால் சுழித்துப் பார்த்தாள். பிறகு சூலூருக்குப் போனாள்.

நாச்சியம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்க, கோமளா வரிவரியாகச் சொன்னாள். படகுக்காரர்கள் நாலு பேர் ஆற்றுத் தண்ணீரிலேயே குளிப்பாட்டினார்கள். வாத்தியார் வீட்டிலிருந்து புது வெள்ளைத் துணி வந்தது. தலை எந்தப் பக்கம் என்று அவர் சரியாகப் பார்க்கவில்லை, அதனால் சொல்ல முடியவில்லை. இந்துக்கள் என்ன சொல்லி வழியனுப்புவார்கள் என்று அங்கே யாருக்கும் தெரியாததால், தங்கள் பிரார்த்தனையையே சொன்னார்கள். அது தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். முதல் மண்ணைப் போட்டது ஒரு வயதான தோட்டக்காரர். அவர் தோட்டத்தில்தான் கருப்புசாமி கடைசியாகப் பம்ப் பூட்டியிருந்தார்.

"அந்தப் பெரியவருக்குப் பேரு போட்டிருக்குங்களா?"

"போட்டிருக்குங்க. மமாது."

நாச்சியம்மாள் அந்தப் பேரைத் தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். துணியைப் பற்றிய வரியை மட்டும் மறுபடி கேட்டாள். கோமளா சொன்னாள்.

அப்போது தம்பிதுரை உள்ளே வந்தார். சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டதுமே கோமளா தாளை மடிக்கத் தொடங்கியிருந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தோளில் இருந்த துண்டை எடுத்து உதறி, தரையில் விரித்து உட்கார்ந்தார்.

"மொதல்ல இருந்து படிங்க" என்றார்.

கோமளா தாளைப் பிரித்து, தேதியிலிருந்து ஆரம்பித்தாள்.