வெள்ளி பூசிய ரேடார்

யார் மேல் கோபப்படுவது என்றே முனியராஜுக்குப் புரியவில்லை. ஏழாயிரம்பண்ணைப் பட்டாசு ஆலைக்குப் பெண்களை வேனில் ஏற்றிப்போகிறவன் அவன். வழியில் ஆளில்லா ரயில்வே கேட். போன வருடம் அங்கேதான் இன்னொரு வேனை ரயில் அடித்துத் தூக்கிப்போட்டது. அன்றிலிருந்து சூலக்கரைக்கு நடையாய் நடந்து, கலெக்டர் ஆபீசில் கெஞ்சிக் கூத்தாடி, கடைசியில் சோதனைக்கென்று ஒரு ரேடார் வந்தது.

மாட்டிய இன்ஜினீயர் காசிராஜன் விளக்கமாகவே சொல்லியிருந்தார். கண்ணுக்குத் தெரியாத அலை போய் ரயிலில் பட்டுத் திரும்புமாம். எவ்வளவு தூரத்தில், என்ன வேகத்தில் வருகிறது என்று கணக்குப் போட்டு முன்கூட்டியே மணி அடிக்குமாம். ஒரு வாரம் பிசகாமல் அடித்தது. இன்று ரயில்வே அதிகாரி பார்த்து ஒப்புக்கொண்டால் மெஷின் இங்கேயே நிலைத்துவிடும்.

அதிகாரி வந்தார். ரயிலும் வந்தது, தடதடவென்று போயும் விட்டது. மணி வாயைத் திறக்கவில்லை.

காசிராஜன் கம்பத்தில் ஏறிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். காலையில் கீழே சுவிட்சைப் போட்டதோடு சரி, மனுசன் அண்ணாந்து பார்க்கவில்லை. ஆயுத பூஜை விடுமுறைக்கு அவர் மெஷினை அணைத்துவிட்டு ஊருக்குப் போயிருந்தபோது, வேனைக் கழுவிப் பொட்டு வைத்த பெண்கள் ரேடாரையும் விடவில்லை. பட்டாசுக்குப் போடும் அலுமினியப் பவுடரை வார்னிஷில் குழைத்து அதன் முகம் முழுக்கப் பூசி, சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார்கள். அந்த உலோகப் பூச்சைத் தாண்டி அலை வெளியே போகாதாம். வேன் கூரைமேல் ஏறி முதல் ஆளாய்ப் பூசியது முனியராஜின் மனைவி மாரித்தாய். அவனும்தான் பார்த்தான். பளபளப்பாக இருக்கிறதே என்று பூரித்தும் போனான், மடையன்.

சுரண்டிவிட்டால் மணி அடிக்கும், அடுத்த ரயில்வரை பொறுங்கள் என்று காசிராஜன் மன்றாடினார். அதிகாரி கேட்கவில்லை.

“அடுத்த பூஜைக்கு மறுபடியும் பூசுவாங்க. மணி அடிக்கலையேன்னு நம்பி தண்டவாளத்துல வேன ஏத்துனா அம்புட்டுப் பேரும் செத்துருவீங்க.”

மெஷினைக் கழற்றி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

தொண்டைவரை வந்த வசவோடு முனியராஜ் மாரித்தாயிடம் திரும்பினான்.

“நம்மளக் காக்க வந்த சாமின்னுதான பூசினேன்” என்றாள் அவள்.

சீசன் நேரம், வேலைக்குப் போய்த்தானே ஆகவேண்டும். வேனைத் தண்டவாளத்துக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான். யாரும் சொல்லாமலே மாரித்தாய் இறங்கினாள். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் போய் நின்று, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு, வாங்க என்று கையை ஆட்டினாள்.