கையிருப்புப் பெட்டி

பெட்டிக்காரருக்குப் பிழைப்பே செத்தவர்களை வைத்துத்தான். உடல் கெடாமல் கிடத்திவைக்கும் ஐஸ் பெட்டிகளை வாடகைக்கு விடுபவர். வெயில் ஏற ஏற அவர் தொழிலும் ஏறியது. ஒற்றைப் பெட்டியோடு ஆரம்பித்தவருடைய ஷெட்டில் இப்போது பெட்டி வைக்க இடம் போதவில்லை. ஆனால் ஒரு பெட்டியை மட்டும் வெளியே விடமாட்டார். ஏதாவது வீட்டில் மெஷின் மக்கர் பண்ணினால் உடனே மாற்றிக்கொடுக்க வேண்டுமே. அது காலியாகவே, சில்லென்று, ஷெட்டில் ஓடிக்கொண்டிருக்கும். கையிருப்பில் கைவைக்கக் கூடாது என்று, தொழிலில் கூட இருந்த மாப்பிள்ளையிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

அன்று காலை அக்காவை வீட்டுக்குக் கூட்டிவரப் போனார். மொட்டைமாடியில் தகரம் போட்ட அறையில் தனியாக இருந்தாள். சோறு இறங்காமல், ஈரத்துணியை மேலே போட்டுக்கொண்டு சுவரோரம் சுருண்டு கிடந்தாள். அவர் கெஞ்சியதில் ஒருவழியாக எழுந்தவள், ஜன்னல் வழியே கீழே நின்ற வேனைப் பார்த்தாள்.

"பெட்டி ஏத்துற வண்டியிலயா? என்னை ஏத்துற அன்னிக்கு ஏத்திக்கோ. இப்ப வேற வண்டி பாத்துட்டு வாடா."

வேறு வண்டி பார்க்கக் கிளம்பியவரைக் குளிர்பானக் கடைக்காரர் வழியில் மடக்கினார். வியாபாரிகள் சங்கக் கட்டடத்தில் விவாதமாம். பூமி சூடாவது கேடா, நன்மையா? நன்மைக் கட்சிக்கு ஓர் ஆள் குறைகிறது, உங்களைவிட நல்ல சாட்சி யார் இருக்கிறார் என்று கையைப் பிடித்து இழுத்தார். கொஞ்ச நேரம்தானே என்று இவரும் போனார்.

கேடு என்று பேசிய வாத்தியார் திரையில் கோடுகளைக் காட்டிக் கடல் ஏறும், பயிர் கருகும் என்றார். பேசி முடித்ததும் ஏசியைக் கூட்டிவைக்கச் சொன்னார். நன்மை என்று பேசிய வக்கீல், குளிரில் சாகிறவன்தான் அதிகம் என்று எங்கிருந்தோ ஒரு கணக்கை எடுத்துவிட்டார். பெட்டிக்காரர் இரண்டு பேரையும் நம்பவில்லை. ஒருத்தருக்கும் வியர்க்கவில்லை.

அவர் முறை வந்தது. வெயில் வந்த பிறகுதான் மகளைக் கட்டிக்கொடுத்தேன், வீட்டுக்கு மேல் வீடு எடுத்தேன், நான் எப்படி வெயிலைத் திட்டுவேன் என்றார். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அவருக்கு ருசித்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மாப்பிள்ளைதான். எல்லாப் பெட்டியும் போய்விட்டது, அப்பாவைப் பறிகொடுத்த ஒருவர் வாசலில் நின்று அழுகிறார், கையிருப்பைக் கொடுக்கலாமா என்று கேட்டார். மைக் இவர் வாய்க்கு நேராகவே இருந்தது.

"குடுத்துருங்க மாப்பிள்ளை. வெயில் இருக்கிற வரைக்கும் நமக்கென்ன கொறச்சல்?"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நன்மைக் கட்சிதான் ஜெயித்தது. கோப்பையைக் கொடுத்து, நிற்கவைத்துப் படம் பிடித்து அனுப்பும்போது மத்தியானம் சாய்ந்திருந்தது.

வாடகைக் காரோடு போனார். கதவு தாழ் போடாமல்தான் இருந்தது. அக்கா மேல் கிடந்த ஈரத்துணி காய்ந்து மொடமொடவென்றிருந்தது.

கார்க்காரர் பிணத்தை ஏற்ற முடியாது என்று கிளம்பிவிட்டார். வேன்தான் வந்தது.

அக்கா மகள் கடல் தாண்டி வேலையில் இருந்தாள். போனில் அழுது ஓய்ந்தபின் சொன்னாள்: "நாளன்னிக்குத்தான் மாமா வந்து சேர முடியும். அம்மா முகத்தப் பாக்கணும். நல்லவேளை, பெட்டி உங்ககிட்டயே இருக்கு."

சரிம்மா என்றார்.

தொழிலில் இருக்கிற அத்தனை பேரிடமும் கேட்டார். ஒருவரிடமும் பெட்டியில்லை. ஆஸ்பத்திரிப் பிணவறையிலும் இடமில்லை. கடைசியில் கையிருப்பு போன வீட்டுக்கே போய் நின்றார். செத்தவருடைய மகன் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பெரிய உதவிங்க ஐயா. நல்லா சில்லுன்னு இருக்கு."

பெட்டிக்காரர் மூடியில் படிந்திருந்த தூசியைத் துண்டால் துடைத்தார். பிளக் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்த்தார். ஒன்றும் கேட்காமல் திரும்பிவிட்டார்.

வீட்டில் ஏசியை முழுசாக வைத்து, ஐஸ் கட்டிகளை அக்காவைச் சுற்றி அடுக்கினார்கள். உருக உருக மாற்றினார்கள். மறுநாள் வெயில் உச்சிக்கு வருவதற்குள் அவருடைய மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். இனித் தாங்காது என்று யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவரே போனை எடுத்தார்.

விமானத்துக்குக் காத்திருந்த அக்கா மகளிடம், இன்றைக்கே எடுத்துவிடுகிறோம் என்றார்.

"பெட்டி என்ன ஆச்சு மாமா?"

"குடுத்துட்டேன்மா."

வாசலில் மாப்பிள்ளை வேனைத் திருப்பி நிறுத்திக்கொண்டிருந்தார்.