ஒத்தக்குழாய்ச் சந்தின் இடது கால்

1964 சித்திரை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே கால் மணிக்கு, தாராவி ஒத்தக்குழாய்ச் சந்தில் குடியிருந்த நூற்றுப் பதினெட்டுப் பேருக்கும் ஒரே நேரத்தில் இடது கால் நொண்டத் தொடங்கியது. சந்துக்குள் இருந்தவர்கள் சந்துக்குள் நொண்டினார்கள், வேலைக்குப் போனவர்கள் போன இடத்தில் நொண்டினார்கள். குர்லா பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்த தனசீலன், கம்பியை நீட்டிய கையோடு ஒருக்களித்து உட்கார்ந்துவிட்டான். தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்ற அய்யாத்துரை, யாரோ காலை வாரிவிட்டதாக நினைத்துத் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லாததால் எதிரில் நின்றவனைத் திட்டினார். சாயங்காலம் எல்லாரும் நொண்டிக்கொண்டே திரும்பி வந்த பிறகுதான், அய்யாத்துரையின் மனைவி பேராச்சி வளர்த்த கிடாக்குட்டியை அன்று காலை நாய் கடித்த விஷயம் தெரிந்தது. எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள். பத்தே கால் என்றாள் பேராச்சி. அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அது தோல் ஷாப்புக் கழிவுமேட்டில் சவ்வையும் மயிரையும் தின்று வளர்ந்த செவலை நாய். குழாயடியில் கட்டியிருந்த குட்டியின் இடது பின்னங்காலைக் கவ்வி, சாக்கடை வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. பேராச்சி பித்தளைக் குடத்தால் அதன் மண்டையில் மூன்று போடு போட்டாள். குடம் நசுங்கியது, நாய் ஓடிப்போனது. குட்டியின் கால் எலும்பு முறிந்து, தொடையில் சதை தொங்கியது. நாய் சந்துக்கு வெளியே குடியிருந்ததால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை, நான்கு காலிலும் நன்றாகவே ஓடியது.

சந்துக்குக் காலைப் பற்றிய கவலை. பேராச்சிக்கு வேறு கவலை. போன வருஷம் அய்யாத்துரைக்கு மஞ்சக்காமாலை வந்து, கண் இரண்டும் பூசணிப்பூ நிறத்தில் கிடந்தபோது, சந்துக் கோடியில் தகரக் கொட்டகைக்குள் பீடமாக நின்ற சுடலைமாடனுக்கு ஒரு கிடா நேர்ந்திருந்தாள். கண் வெளுத்தது. குட்டியும் வாங்கியாயிற்று. ஆடிக் கொடைத் திருவிழாவில் வெட்ட வேண்டும். வெட்டுகிற கிடாவுக்கு ஊனம் இருக்கக் கூடாது. ஆகவே வெட்டுவதற்காகவாவது அதைப் பிழைக்கவைக்க வேண்டும் என்று தொடையில் மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் அப்பினாள். அப்பும்போது குட்டி அவள் புறங்கையை நக்கியது. அவள் கையை இழுத்துக்கொண்டாள், பிறகு தானாகவே நீட்டினாள்.

மறுநாள் காலை குர்லாவிலிருந்து ஹமீது வந்தார். குட்டியை விற்றவர் அவர்தான். ஆட்டுக்கு எலும்பு வைத்துக் கட்டவும் தெரிந்தவர். மூங்கில் சிம்பு இரண்டு, அய்யாத்துரையின் பழைய வேட்டிக் கிழிசல் ஒன்று, இவ்வளவுதான் கேட்டார். முறிந்த எலும்பை நேராக்கக் காலைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தபோது ஒத்தக்குழாய்ச் சந்து முழுவதும் ஒரே குரலில் அலறியது. மாட்டுங்கா ஸ்டேஷனில் ரயிலுக்குள் நின்றுகொண்டிருந்த சந்துக்காரர்கள் மூன்று பேர் அலறிய அலறலில் கார்டு வண்டியை இரண்டு நிமிஷம் நிறுத்திவைத்தார். ஹமீது மட்டும் பதறாமல் முடிச்சுப் போட்டுவிட்டு, “சாலீஸ் தின். நாப்பது நாள் கட்டு அவுக்காதே” என்று சொல்லி, டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

அதன்பிறகு குட்டிக்கு நடந்த உபசாரம் தாராவியில் எந்தப் பிள்ளைத்தாய்ச்சிக்கும் நடந்ததில்லை. குழாயடி வரிசையில் பேராச்சிக்கு முதல் இடம் கொடுத்தார்கள். ஆளுக்கொரு நாளாக மாட்டுங்கா மார்க்கெட்டிலிருந்து அகத்திக்கீரை வந்தது. ஈ ஓட்ட இரண்டு பெண்கள் முறைவைத்து உட்கார்ந்தார்கள். சந்தில் ஒன்பது பேர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காலைக் காட்டினார்கள். டாக்டர் ஒன்பது பேரையும் வரிசையாக நடக்கவிட்டுப் பார்த்து, எலும்பில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லித் தேய்க்கத் தைலம் எழுதிக்கொடுத்தார். அந்தத் தைலத்தை அவர்கள் கொண்டுவந்து குட்டியின் காலில் தேய்த்தார்கள், நல்ல குணம் தெரிந்தது. தனசீலனுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை.

“நாங்க வேதக்காரங்க. மாடனுக்கு நேந்த கிடாவுக்கும் எங்களுக்கும் என்னக்கா சம்பந்தம்? எனக்கு எதுக்கு நொண்டுது?”

“நீயும் இந்தக் குழாயிலதானய்யா தண்ணி பிடிக்க” என்றாள் பேராச்சி. தனசீலன் யோசித்துப் பார்த்து, அது நியாயம்தான் என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் குட்டியையும் சேர்த்துக்கொண்டான்.

இருபத்தைந்தாம் நாள் நொண்டல் பாதியாகக் குறைந்தது. மனிதர்களுக்கு நிதானம் வந்ததும் யோசனையும் வந்தது. தபாலாபீஸில் கடிதம் பிரிக்கும் சார்ட்டராக இருந்தவரும் சந்துச் சங்கத்தின் தலைவருமான பிரம்மநாயகம், சங்கத்தைக் கூட்டி, தன் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

“காலைக் கடிச்சதுக்கே இந்தப் பாடுன்னா, கழுத்த வெட்டுனா என்னவே ஆகும்?”

கூடியிருந்தவர்கள் எல்லாரும் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். மாடனுக்குச் சாமியாடுகிற கணேசபாண்டியன் ஒத்துக்கொள்ளவில்லை. “நேந்தத குடுக்காம இருந்தா மாடன் சும்மா விடுவாரா? அய்யாத்துரை கண்ணு மறுபடியும் மஞ்சளாகும், அது ஒத்தக் கண்ணோட நிக்காது.” இரண்டு பக்கமும் பேசினார்கள். கழுத்தா காமாலையா என்று முடிவு கட்ட முடியாமல் கூட்டம் கலைந்தது. கலைகிற நேரத்தில் யாரோ ஒருவர், நல்லவேளை, கால் கோணலாகிப் போயிருந்தால் மாடனே வேண்டாமென்று சொல்லியிருப்பார் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போனார். பேராச்சி அதைக் கேட்டாள். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

முப்பத்தோராம் நாள் மத்தியானம், ஆண்கள் வேலைக்குப் போய், பெண்கள் கண்ணயர்ந்த நேரத்தில், குட்டியை மடியில் கிடத்தினாள். நூற்றுப் பதினெட்டுப் பேரின் காலை நினைத்துப் பார்த்தாள். எழுபது வயதுக்காரர்கள் ஏழு பேர் இருந்தார்கள், நடக்கப் பழகுகிற பிள்ளைகள் நான்கு. அத்தனை பேரையும் ஒரு ஆட்டுக்காகக் காலம் பூராவும் நொண்டவிட அவளுக்கு என்ன உரிமை என்று தன்னையே கேட்டாள். குட்டி அவள் முந்தானையைத் தின்றுகொண்டிருந்தது. பேராச்சி கட்டை அவிழ்த்து, சிம்பை அடுப்பில் போட்டுவிட்டு, குட்டியை இறக்கிவிட்டாள். கெடுவுக்கு ஒன்பது நாள் முந்தியே கட்டவிழ்த்த கால், உடம்பின் பாரத்துக்கு ஒரு விரற்கடை வளைந்து அப்படியே நின்றுவிட்டது. ஒரு நிமிஷம் சந்து முழுவதும் தூக்கத்தில் முனகியது.

சாயங்காலம் அய்யாத்துரை வந்து முகம் கழுவியதும் சொன்னாள்.

“கட்ட நான்தான் அவுத்தேன்.”

“நாப்பது நாளு ஆகலியே, ஏட்டி.”

“ஆகல.”

அய்யாத்துரை எழுந்தார். வாசல் வரைக்கும் நடந்தார், திரும்பி அடுப்படி வரைக்கும் நடந்தார். இடது கால் லேசாகச் சாய்ந்தது. “பரவால்ல, நடக்க முடியுது” என்று சொல்லிவிட்டுச் சோறு போடச் சொன்னார்.

ஆடிக் கொடையன்று பம்பாய்க்கே உரிய மழை. தகரக் கொட்டகையில் விழுந்த சத்தத்தில் மேளம் கேட்கவில்லை. கணேசபாண்டியனுக்கு அருள் வந்தது. மனிதன் நொண்டினாலும் சாமி நேராக நடக்கும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்திருந்தார்கள். சாமியும் நொண்டியது. அரிவாளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, இடது காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்துப் பீடத்தைச் சுற்றியது. குட்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, முறைப்படி மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். கிடா உடம்பைச் சிலிர்த்துத் துலுக்கினால் மாடனுக்குச் சம்மதம், வெட்டலாம். கிடா துலுக்கியது. கூடவே ஒத்தக்குழாய்ச் சந்தில் நூற்றுப் பதினெட்டுப் பேரும், நனைந்த கோழிகளைப் போலத் தலையிலிருந்து கால் வரைக்கும் துலுக்கினார்கள்.

பிரம்மநாயகம் ஈரக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். “சாமி, கிடா மட்டும் துலுக்கலியே, நாங்க எல்லாருமில்லா துலுக்கினோம். இதுல யாரு சம்மதம் கணக்குல சேத்தி?”

சாமி அவரைத் தாண்டிப் போனது. குட்டியின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, வளைந்த காலை இரண்டு விரலால் மேலிருந்து கீழே தடவிப் பார்த்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு பேராச்சி வந்து, சேற்றில் மண்டியிட்டாள்.

“சாமி, நான் ஒண்ணு சொல்லணும். நான்தான்...”

“தெரியும்ளா” என்றது சாமி. “நீ அவுத்தப்போ எனக்கும்லா வலிச்சுது.”

மழைச் சத்தத்தில் பாதிப் பேருக்கு அது கேட்கவில்லை. பேராச்சிக்குக் கேட்டது. அவள் தலையைத் தூக்காமலே அழுதாள்.

“நானும் இந்தச் சந்துலதான குடியிருக்கேன். கால் சரியாகட்டும், பொறவு பாப்போம்.” அரிவாளைத் தரையில் போட்டுவிட்டு, ஒரு சுருட்டு கேட்டு வாங்கிப் பற்றவைத்துக்கொண்டு, நொண்டியபடியே சாமி மலையேறியது. அன்றைய கொடை விருந்து பூசணிக்காய்க் கூட்டோடு நடந்தது. அய்யாத்துரையின் கண் வெள்ளையாகவே இருந்தது.

அடுத்த வருஷக் கொடையிலும் சாமி காலைத் தடவிப் பார்த்து, இன்னும் சரியாகவில்லை என்றது. அதற்கடுத்த வருஷமும் அப்படியே. குட்டி கொம்பு முளைத்துத் தாடி வைத்து முழுக் கிடாவாகிவிட்டது. சந்து முனையில் செருப்புத் தைத்தவர் இடது குதிகாலுக்கு ஒரு தோல் கூடுதலாக வைத்துத் தைக்கப் பழகினார். சந்தை விட்டு வேறு இடம் போனவர்களுக்கு மூன்று நாளில் நொண்டல் நின்றது, புதிதாகக் குடிவந்தவர்களுக்கு மூன்று நாளில் தொடங்கியது. ரேஷன் கார்டு சரிபார்க்க வந்த மராத்தி இன்ஸ்பெக்டர் முதலில் வாடகை ரசீதும் சாட்சியும் கேட்டுக்கொண்டிருந்தார். விஷயம் பிடிபட்ட பிறகு காகிதத்தைத் தொடுவதே இல்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்து, “சல்கே திகாவ்” என்பார். நடந்து காட்டியவர்களுக்குக் கார்டு கிடைத்தது. பக்கத்துச் சந்திலிருந்து வந்து நொண்டி நடித்த இரண்டு பேரைக் கண்ணாலேயே கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினார். அவர்கள் வலது காலில் நொண்டினார்கள்.

1969இல் தனசீலனின் தம்பி ஏசுதாஸ் தாணேயிலிருந்து சேசம்மாளைக் கட்டிக்கொண்டு வந்தான். முதல் நாள் அவள் நேராக நடந்தாள், இரண்டாம் நாளும் நேராகவே நடந்தாள். பெண் இன்னும் சந்துக்காரியாகவில்லையே என்று தனசீலனின் வீட்டில் கொஞ்சம் முகவாட்டம் இருந்தது. பேராச்சி, தன்னால் நொண்டப்போகிற அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கக் கூசி, இரண்டு நாளும் குழாயடிக்குப் போகாமல் இருந்தாள். மூன்றாம் நாள் காலை குடத்தை இடுப்பில் வைத்து வந்த சேசம்மாளின் இடது கால் லேசாகச் சாய்ந்தது. அவள் நின்று காலைக் குனிந்து பார்த்தாள். இன்னும் நாலு எட்டு வைத்துப் பார்த்தாள். பிறகு நேராகப் பேராச்சியின் வாசலுக்கு வந்து, அங்கே கட்டியிருந்த கிடாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பேராச்சி என்ன வசவு வந்தாலும் வாங்கிக்கொள்வது என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, இது என்ன திங்கும்?” என்று கேட்டாள் சேசம்மாள்.

“எல்லாம் திங்கும்மா” என்றாள் பேராச்சி.