இதில் பயின்று வந்துள்ள அணி எது?

எங்க அக்காவுக்குப் பேய் பிடிச்சிருக்குன்னு ஸ்டாஃப் ரூம்ல பேசிக்கிட்டாங்க. வாய்க்கு வந்ததைப் பேசுற ஜென்மங்கள்! ஆனா தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு விடைத்தாள் கட்டை முன்னாடி போட்டப்போ எனக்கே சந்தேகம் வந்துடுச்சு.

அக்காவும் நானும் ஒரே பள்ளிக்கூடத்துல தமிழ் எடுக்கிறோம். அவ கேட்ட கேள்வி இது: "மாலையில் ஜன்னல் அடித்துக்கொள்கிறது. இறந்த கணவர் தட்டி அழைக்கிறார் என்கிறாள் மனைவி. இதில் பயின்று வந்துள்ள அணி எது?" பிள்ளைங்க எல்லாம் ஒழுங்கா தற்குறிப்பேற்றம்னு எழுதியிருக்கு. தானா நடக்கிற ஒண்ணு மேல நம்ம மனசுல இருக்கிறதை ஏத்திச் சொன்னா அதுதானே! அக்கா அத்தனை பேருக்கும் முட்டை போட்டு, ஓரத்துல "இயல்பு நவிற்சி"ன்னு எழுதியிருந்தா. உள்ளதை உள்ளபடி சொல்றதுக்குத்தான் அந்தப் பேரு.

"நாளைக்குள்ள உங்க அக்கா இதைத் திருத்தித் தரலைன்னா வேலையை விட்டு அனுப்புறதைத் தவிர வழியில்லம்மா"ன்னாங்க தலைமையாசிரியை.

அத்தான் போனதுக்கப்புறம் அந்த வேலை ஒண்ணுதான் அவளுக்குப் பிடிமானம். அதுவும் போச்சுன்னா ஜன்னலே கதின்னு உக்காந்துடுவா. அந்த மனுஷன் வாசல் வழியா வந்ததே இல்ல. சமையலறை ஜன்னல்ல ரெண்டு தட்டு; டீ போடுன்னு அர்த்தம். "உன் டீ இல்லன்னா உயிரே போயிடும்"பார். எப்பவும் உயர்வு நவிற்சிதான், ஒண்ணுன்னா நூறும்பார்.

சாயங்காலம் தச்சரைக் கையோட அக்கா வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போய், அடிச்சுக்கிற அந்த ஜன்னலைக் காட்டினேன். "கொக்கி தேஞ்சுபோச்சும்மா, காத்துக்கு ஆடுது"ன்னு அதை மாத்தி, இடுக்குல சின்ன மர ஆப்பும் அடிச்சு இறுக்கினார்.

"கேட்டியாக்கா? கொக்கி! வெறும் கொக்கி!"ன்னு கத்தினேன். கோபம் இல்ல, அவ்வளவு பயம் எனக்கு.

தச்சர் போனாரு. வெளியே மரமெல்லாம் தலைவிரிச்சு ஆடுச்சு. ஜன்னல் கம்முனு இருந்துச்சு. அக்கா அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டிருந்தா.

"'அவர் செத்துட்டார்.' இதுல என்ன அணிடி?"

"அணியெல்லாம் ஒண்ணுமில்லக்கா."

"இருக்கு. இதுதான் இயல்பு நவிற்சி."

சொல்லிட்டு உடைஞ்சு அழுதா. நானும் அழுதேன். அப்புறம் முகத்தைக் கழுவிக்கிட்டு வந்து, சமையலறை மேசையிலேயே சிவப்புப் பேனாவோட உக்காந்தா. ஒவ்வொரு தாளா முட்டையை அடிச்சு மார்க் போட ஆரம்பிச்சா. அப்பாடா! வேலையும் தப்பிச்சுது, அக்காவும் தப்பிச்சா.

காத்து நின்னுபோச்சு. ஒரு இலைகூட அசையல.

ஜன்னல்ல ரெண்டு தட்டு.

ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்தேன். ஆப்பு அடிச்ச இடத்துலயே இருந்துச்சு, புதுக் கொக்கி மாட்டினபடியே. வெளியே யாரும் இல்ல.

"ஏதாவது கேட்டுச்சாக்கா?"

"இல்லையே. ஏன்?" அவ நிமிரக்கூட இல்ல.

"ஒண்ணுமில்ல"ன்னு சொல்லிட்டு அடுப்பைப் பத்த வச்சேன். தீக்குச்சி ரெண்டு தடவை அணைஞ்சுது.

"டீயா? போடு, போடு"ன்னு அக்கா ஒரு தாளைத் திருப்பினா. அப்புறம்தான் என் பக்கம் பார்த்தா.

"நாம ரெண்டு பேர்தானேடி இருக்கோம். மூணு டம்ளர் எதுக்கு எடுத்து வச்சிருக்க?"